மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்கி: ரோமும் இஸ்தான்புல்லும்

ஊட்டிக்கு வண்டி பேசுகிறவர்கள் வாடகையைக் கேட்பதற்கு முன்பே, "எத்தனை பாயிண்ட் காட்டுவீங்க?" என்றுதான் கேட்பார்கள். தொட்டபெட்டா, டீ ஃபேக்டரி, பொட்டானிக்கல் கார்டன், ரோஸ் கார்டன், போட் ஹவுஸ். குன்னூர்ப் பக்கம் இறங்கினால் சிம்ஸ் பார்க், லேம்ஸ் ராக், டால்பின் நோஸ். எண்ணிக்கை கூடக் கூட அவர்களுக்கு மனசு நிறைகிறது. குன்னூரில் பல வருடமாக டூரிஸ்ட் டாக்ஸி ஓட்டிப் பிழைப்பவன் நான், இந்தக் கணக்கைப் பழித்துப் பேசினால் அடுக்காது. இருந்தாலும் செயின்ட் ஸ்டீபன்ஸ் சர்ச் வாசலில் வண்டியை மெதுவாக்கி, "உள்ளே இருக்கிற பெரிய உத்திரமெல்லாம் ஸ்ரீரங்கப்பட்டணத்துல திப்பு சுல்தானோட லால்பாக் அரண்மனையைப் பிரிச்சு மலையேத்தினதுங்க, 1830 வாக்குல" என்று சொன்னால், பின்சீட்டிலிருந்து பெரும்பாலும் வரும் பதில், "அது லிஸ்ட்ல இருக்காண்ணே?"

ஜெர்மனியில் நர்ஸாக இருக்கும் மகள் எங்கள் இருவரையும் அழைத்தபோது, நான் பின்சீட்டுக்கு மாறும் நேரம் வந்தது. ஒரு ட்ராவல்ஸ் கொடுத்த நோட்டீஸில் ரோமுக்கு ஒரே ஒரு பகல் ஒதுக்கியிருந்தார்கள். அதில் "கொலோசியம், வெளியிலிருந்து" என்று போட்டிருந்தது. இந்த "வெளியிலிருந்து" எங்கள் தொழிலில் எனக்கு நன்றாகத் தெரிந்த சங்கதி. டிக்கெட் எடுக்காமல், பார்க்கிங் தேடாமல், ஒரு போட்டோவோடு ஒரு பாயிண்டைக் கணக்கில் ஏற்றிவிடும் வழி அது. நோட்டீஸை மடித்து வைத்துவிட்டு, "ரெண்டே ஊர் போதும் சாமி, ஆனா ஊரை ஊரா பாக்கணும்" என்று மகளிடம் சொன்னேன். ரோம், இஸ்தான்புல் என்று முடிவாயிற்று.

ஊரை ஊராகப் பார்ப்பதற்கு எனக்குத் தெரிந்தது மலைக்காரன் வழி ஒன்றுதான்: மேடு எது, பள்ளம் எது, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது. குன்னூரையே எடுத்துக்கொள்ளுங்கள். மார்க்கெட், பஸ் ஸ்டாண்ட், ரயில்வே ஸ்டேஷன், நெருக்கமான லைன் வீடுகள் எல்லாம் கீழே, ஆற்றை ஒட்டி. பங்களா, கிளப், 1874-ல் ஆரம்பித்த சிம்ஸ் பார்க் எல்லாம் மேலே, அப்பர் குன்னூரில். நல்ல காற்றும் காட்சியும் வெள்ளைக்காரனுக்கு. சாக்கடையும் வெள்ளமும் கீழே இருந்தவனுக்கு. யார் எந்த உயரத்தில் குடியிருந்தார்கள் என்று தெரிந்தால் அந்த ஊரின் பாதிக் கதை கைக்கு வந்துவிடும். வெளிநாடு போனாலும் இதே சூத்திரம் செல்லும் என்று நம்பித்தான் விமானம் ஏறினேன்.

ரோம் ஏழு குன்றுகளின் ஊர் என்று எல்லோரும் சொல்வார்கள். போய் இறங்கினால் குன்று எங்கே என்று தேட வேண்டியிருக்கும். எங்கள் கணக்குக்கு அவை திட்டுகள், ஒரு ஹேர்பின் வளைவுக்குக்கூடத் தேறாது. கட்டடங்கள் மறைத்துக்கொண்டு நிற்பதால் கால்தான் ஏற்றத்தைக் கண்டுபிடிக்கிறது. அதனால் காலையில் முதலில் கேபிடோலைன் குன்றுக்குப் போங்கள். மைக்கேலாஞ்சலோ வடிவமைத்த சதுக்கம் அங்கே இருக்கிறது, நடுவில் குதிரைமேல் மார்கஸ் அரேலியஸ். வெளியில் நிற்பது நகல். அசல் வெண்கலம் பக்கத்து மியூசியத்துக்குள் இருக்கிறது. சதுக்கத்தில் போட்டோ எடுத்துவிட்டு எல்லோரும் வந்த படியிலேயே திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் கட்டடத்துக்குப் பின்பக்கம் போய்ப் பாருங்கள். கைப்பிடிச் சுவரோரம் நின்றால் பழைய ரோமின் பொதுச் சதுக்கமான ஃபோரம் முழுக்கக் காலடியில் விரிந்து கிடக்கும், டிக்கெட் வேண்டாம். வலப்பக்கம் பாலடைன் குன்று. நேரே தூரத்தில் கொலோசியம்.

அங்கே நின்றபோதுதான் எனக்கு ஊர் பிடிபட்டது. பாலடைன் மேட்டில்தான் கி.மு. 753-ல் ரோமுலஸ் ஊரை நிறுவினான் என்பது அவர்கள் மரபு. பிற்பாடு சக்கரவர்த்திகள் அரண்மனை கட்டிக்கொண்டதும் அங்கேதான். இரண்டு குன்றுக்கும் நடுவில் இருந்த பள்ளம் சதுப்பு நிலம். அதை வடித்துத்தான் சந்தையும் நீதிமன்றமும் கோயிலும் சேர்ந்த ஃபோரம் ஆக்கினார்கள். வடித்த சாக்கடையின் பெயர் குளோவாகா மாக்சிமா. அது டைபர் ஆற்றில் கலக்கும் வாய் இன்றும் கரையோரம் தெரிகிறது. "சாக்கடையப் பாக்கவா இத்தனை தூரம் வந்தோம்?" என்றாள் மனைவி. வேண்டாமென்றால் விட்டுவிடலாம், அதில் ஒன்றும் குறையில்லை. ஆனால் மழைக்காலத்தில் லோயர் குன்னூரில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு, ஒரு பேரரசு தன் நடுமையத்தைச் சாக்கடை வெட்டி ஆரம்பித்தது சின்ன விஷயமாகத் தோன்றாது.

கொலோசியம் இருப்பதும் பள்ளத்தில்தான். கி.பி. 64-ல் ரோம் எரிந்த பிறகு நீரோ மன்னன் கட்டிய தங்க மாளிகைக்கு அங்கே ஒரு செயற்கை ஏரி வெட்டியிருந்தான். அவன் போனபின் வந்த வெஸ்பாசியன், அந்த ஏரியை வற்றவைத்து ஜனங்களுக்கு விளையாட்டரங்கம் கட்டத் தொடங்கினான். கி.பி. 80-ல் அவன் மகன் டைட்டஸ் திறந்துவைத்தான். முந்தையவன் தனக்கென்று வளைத்துப் போட்டதை நான் உங்களுக்கே திருப்பித் தருகிறேன் என்ற அரசியல் அது. எனக்கு உடனே நினைவுக்கு வந்தது ஊட்டி ஏரி. 1820-களில் கலெக்டர் சல்லிவன் வெட்டிய ஏரி இப்போது இருப்பதைவிடப் பெரியது. ரேஸ்கோர்ஸும் பஸ் ஸ்டாண்டும் நிற்கும் இடம் ஒருகாலத்தில் தண்ணீர்தான். ஏரியை மூடிப் பந்தய மைதானம் போடும் யோசனை உலகத்தில் எங்களுக்கு முன்பே ஒருவருக்கு வந்திருக்கிறது.

டிக்கெட் விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். கொலோசியம், ஃபோரம், பாலடைன் மூன்றுக்கும் ஒரே சேர்ப்பு டிக்கெட் உண்டு. கொலோசியத்துக்கு மட்டும் நுழையும் நேரம் குறித்துத் தருவார்கள். டிக்கெட்டில் உங்கள் பெயர் இருக்கும், பாஸ்போர்ட்டோடு ஒத்துப் பார்ப்பார்கள்; அதனால் வாசலில் நிற்கும் புரோக்கரிடம் வாங்காதீர்கள். அதிகாரபூர்வத் தளத்தில் முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும், சீசனில் தீர்ந்துபோகும். இன்னொரு தொழில் ரகசியம்: ஃபோரத்துக்குள் போக ஒன்றுக்கு மேற்பட்ட வாசல்கள் உண்டு. கொலோசியத்துக்கு எதிரில் கூட்டம் அடைக்கும். சான் கிரிகோரியோ தெருவில் இருக்கும் பாலடைன் வாசல் பெரும்பாலும் காலியாக இருக்கும். அங்கே நுழைந்து முதலில் மேட்டுக்கு ஏறி, அரண்மனை இடிபாடுகளைப் பார்த்துவிட்டு, அப்படியே ஃபோரத்துக்கு இறங்குங்கள். காலை வெயிலில் ஏற்றம், உச்சி வெயிலுக்குள் பள்ளம்.

முட்டிவலிக்காரர்களுக்கு மட்டும் இதைத் தலைகீழாகச் சொல்வேன். சமவெளிக்காரர்கள் ஏற்றத்தைக் கண்டு பயப்படுவார்கள். மலையில் பிறந்தவர்களுக்குத் தெரியும், முட்டியைத் தின்பது இறக்கம்தான். மனைவிக்கு முட்டி சரியில்லை. அவள் மெதுவாக நடந்தே ஏறுவாள், இறங்கும்போது பஸ்ஸோ டிராமோ பிடிப்போம். ரோமின் தெருக்களில் பதித்திருக்கும் சின்னச் சதுரக் கருங்கற்கள் இடைவெளி விட்டுக் கிடக்கின்றன, மழை பெய்தால் வழுக்கும். அடிப்பாகம் தடித்த பழைய ஷூ போதும். புது ஷூ வாங்கிக்கொண்டு போய் முதல் நாளே கொப்புளம் கட்டியவர்களை ஊட்டியில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி நான் அதிக நேரம் நின்ற இடம். கொலோசியத்திலிருந்து விக்டர் இமானுவேல் மண்டபத்துக்குப் போகும் பெரிய சாலையின் முடிவில், ஒரு பள்ளத்தில் டிராஜன் தூண் நிற்கிறது. பீடத்தோடு சேர்த்துச் சுமார் 35 மீட்டர். கி.பி. 113-ல் எழுப்பியது. டேசியா (இன்றைய ருமேனியா) நாட்டோடு சக்கரவர்த்தி டிராஜன் நடத்திய போரை அடியிலிருந்து உச்சிவரை சுற்றிச் சுற்றிச் செதுக்கியிருக்கிறார்கள். எல்லோரும் அந்தச் சிற்பத்தைத்தான் அண்ணாந்து பார்க்கிறார்கள். மகள் போனில் படித்துச் சொன்னபோது எனக்குக் கண்ணில் பட்டது அடியில் இருந்த கல்வெட்டு. இந்த வேலைக்காக எவ்வளவு உயரமான மேடு அகற்றப்பட்டது என்று காட்டவே இந்தத் தூண் என்கிறது அது. குவிரினல், கேபிடோலைன் இரண்டு குன்றுகளையும் சேர்த்திருந்த மேட்டை வெட்டி எறிந்துவிட்டுத்தான் டிராஜன் தன் ஃபோரத்தைக் கட்டினான். கட்டடக் கலைஞர் டமாஸ்கஸ்காரர் அப்பொல்லோடோரஸ். பொக்லைன் கிடையாது, வெடி கிடையாது. எல்லாம் கையால்.

மலையை வெட்டுவது சுலபம், வெட்டிய மலையை நிறுத்துவதுதான் வித்தை. குன்னூர்-ஊட்டி ரோட்டில் வண்டி ஓட்டுகிற எங்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டாம். 2009 நவம்பரில் ஒரே மழையில் சரிந்த இடங்களை இன்றும் கடக்கும்போது கை தானாக ஹாரனுக்குப் போகும். அதனால் தூணை விட்டுவிட்டு, வெட்டுப்பட்ட சரிவில் என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்க்கத் திரும்பினேன். அங்கே டிராஜன் மார்க்கெட் என்று இன்று அழைக்கும் கட்டடம். அரைவட்டமாகச் செங்கல் அடுக்குகள், ஒன்றின்மேல் ஒன்றாகப் பின்வாங்கி ஏறுகின்றன. ஒவ்வொரு அடுக்கிலும் சிறு சிறு அறைகள், மேலே வளைவுகள். கட்டடம் முழுக்கக் குவிரினல் குன்றின் மண்ணைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. கடையும் அலுவலகமும் குடோனும் சேர்ந்த ஒரு தடுப்புச் சுவர் அது, பத்தொன்பது நூற்றாண்டாக! எங்கள் பக்கம் காண்ட்ராக்ட்டில் கட்டும் சுவர் மூன்று மழைக்குத் தாங்குவதில்லை. உள்ளே இப்போது மியூசியம் இருக்கிறது. தனி டிக்கெட், கூட்டம் குறைவு. கொலோசியத்தில் இடிபட்டுத் திரும்பியவர்கள் இங்கே ஒரு மணி நேரம் இருந்தால் ரோமானியர்களின் மூளை என்னவென்று தெரியும்.

அதே சாலையின் பக்கத்தில் அகஸ்டஸ் ஃபோரத்தின் பின்சுவரையும் பார்த்துவிடுங்கள். சாலையிலிருந்து பார்த்தால் அதன் கதை புரியாது. சுற்றிக்கொண்டு பின்தெருவுக்கு, மோந்தி பகுதிக்குப் போக வேண்டும். சுமார் 33 மீட்டர் உயரக் கற்சுவர், ஜன்னல் இல்லாமல் நிமிர்ந்து நிற்கிறது. சுவருக்கு இந்தப் பக்கம் சுபுரா என்ற பள்ளத்துக் குடியிருப்பு: மாடி மாடியாக மர வீடுகள், அடிக்கடி தீ, கடன்காரர்கள், கசாப்புக் கடைகள். ஜூலியஸ் சீசர் வளர்ந்த வீடு இந்தப் பேட்டையில்தான் இருந்தது. தீ தாண்டி வராமலிருக்கவும், சலவைக்கல் கோயிலுக்கு வருகிறவர்கள் கண்ணில் ஏழைத் தெரு படாமலிருக்கவும் அகஸ்டஸ் எழுப்பிய சுவர் அது. இன்று மோந்தியில் வாடகை எங்களுக்குக் கட்டுப்படியாகாது. ஒரு காபி மட்டும் குடித்தோம். அங்கே காபியை நின்றுகொண்டே குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் பல இடங்களில் வேறு விலை. விலைப்பலகையைப் பார்த்துவிட்டு உட்காருங்கள்.

தண்ணீருக்கு வருகிறேன். எங்கள் மாவட்டத்தில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் வண்டியில் ஸ்டீல் பாட்டில் வைத்திருப்பது வழக்கம். அந்தப் பழக்கம் ரோமில் பணத்தை மிச்சப்படுத்தியது. தெருமுனைக்கு ஒரு குட்டை இரும்புக் குழாய் நிற்கும், நாசோனி என்பார்கள், 1870-களிலிருந்து இருக்கிறது. ஊர் முழுக்க இரண்டாயிரத்துக்கும் மேல். தண்ணீர் இடைவிடாமல் ஓடிக்கொண்டே இருக்கும், குளிர்ந்த நல்ல குடிநீர். குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே இருக்கும் சின்னத் துளை வழியாகப் பீய்ச்சும், குனியாமல் குடிக்கலாம். மனைவி இதைக் கற்றுக்கொண்ட பிறகு தெருவில் தடுமாறிய ஒரு ஜப்பான் தம்பதிக்குச் சொல்லியே கொடுத்தாள்.

ஓடவிட்டால் வீணாகாதா என்ற கேள்வி நமக்கு வரும். ராலியா அணையில் மட்டம் குறைந்தால் எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வரும் என்று எண்ணிக்கொண்டிருப்பவர்கள் நாம். ரோமின் பெருமையே தண்ணீர்தான். கி.மு. 312-ல் முதல் கால்வாய் கொண்டுவந்தார்கள். பின்னர் மொத்தம் பதினொன்று ஆயின. கி.மு. 19-ல் அக்ரிப்பா கொண்டுவந்த விர்கோ கால்வாயின் வழிதான் இன்றும் டிரெவி நீரூற்றுக்கு. அந்த நீரூற்றுச் சிற்பம் 1762-ல் முடிந்தது, தண்ணீரின் பாதை அதைவிடப் பல நூற்றாண்டு மூத்தது. காசு எறிவதற்காக அங்கே நெருக்கியடிக்கும் கூட்டத்தில் பாக்கெட் பத்திரம். பர்ஸை முன்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள், பாஸ்போர்ட்டை ரூமில் விட்டு நகலை எடுத்துப் போங்கள். பெயர் சரிபார்க்கும் இடங்களுக்கு மட்டும் அசல்.

ஃபோரத்திலேயே நம் ஊர்க்காரர்கள் தேட வேண்டிய இடம் ஒன்று உண்டு. மாக்சென்டியஸின் பிரம்மாண்டமான வளைவு மண்டபம் நிற்கிறதே, அதன் அடியில் ஒருகாலத்தில் மிளகுக் கிடங்கு இருந்தது. சக்கரவர்த்தி டொமிஷியன் காலத்தில் கட்டியது. மலபார் மிளகு அங்கே மூட்டை மூட்டையாகக் கிடந்தது. இந்தியாவுக்கு வருடத்துக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் காசு போகிறதே என்று பிளினி என்ற ரோமானிய எழுத்தாளர் புலம்பியது அதற்குச் சற்று முன்புதான். அந்தக் காசு எங்கே போயிற்று என்பதற்குச் சாட்சி நம் அடிவாரத்தில் இருக்கிறது: கோயம்புத்தூர் பக்கம் வெள்ளலூரில் அகஸ்டஸ், டைபீரியஸ் தலை பொறித்த வெள்ளிக் காசுகள் புதையலாகக் கிடைத்தன. பாலக்காட்டுக் கணவாய் வழி வந்த வியாபாரம். பர்லியாறில் மரத்தைப் பற்றி ஏறும் மிளகுக் கொடியைத் தினமும் கடந்து போகிறவனுக்கு, ரோமின் நடுவில் நின்று இதை நினைப்பதில் ஒரு தனி மிதப்பு இருக்கத்தான் செய்கிறது. மகள் சிரித்தாள்.

வாடிகனைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். மியூசியம் அற்புதம், கூட்டமும் அற்புதம். சிஸ்டின் சேப்பலுக்குப் போய்ச் சேரும்போது கழுத்தைத் தூக்கத் தெம்பில்லை. சாதாரண ஞாயிறுகளில் மூடியிருக்கும். மாதக் கடைசி ஞாயிறு இலவசம், அன்றைக்குப் போகவே போகாதீர்கள். அந்த நேரத்தில் ரோமிலேயே தெஸ்தாச்சோ என்ற பகுதிக்குப் போகலாம். அங்கே ஒரு குன்று இருக்கிறது, ஏழில் சேராத குன்று: ஆலிவ் எண்ணெய் வந்த மண் ஜாடிகளை உடைத்து அடுக்கி அடுக்கியே சுமார் 35 மீட்டர் உயர்ந்துவிட்டது. மண் கிடையாது, முழுக்க ஓடு. எண்ணெய் ஊறிய ஜாடியைத் திரும்பப் பயன்படுத்த முடியாதென்று போட்ட குப்பை. மேலே ஏற முன்பதிவு வேண்டும், ஆனால் அடிவாரத்தைச் சுற்றிவந்தாலே அடுக்கு தெரியும்.

இஸ்தான்புல்லைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் விசா. அதிக நாள் தங்கியது மகள் வீட்டில் என்பதால் பல ஐரோப்பிய நாடுகளுக்குச் சேர்த்துத் தரும் ஷெங்கன் விசாவை ஜெர்மனி வழியாகத்தான் போட வேண்டும். அதிக நாள் எந்த நாட்டிலோ அந்த நாட்டிடம் விண்ணப்பிப்பதுதான் விதி. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். துருக்கி ஷெங்கனுக்குள் வராது. ஆனால் செல்லுபடியாகும் ஷெங்கன் விசா கையில் இருக்கும் இந்தியர்களுக்கு அவர்கள் இணையத்திலேயே விசா தருகிறார்கள். போகுமுன் அவர்களுடைய அரசுத் தளத்தில் விதியை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒருமுறை மட்டும் நுழையும் ஷெங்கன் விசா என்றால், இஸ்தான்புல் போய்விட்டு மறுபடி ஐரோப்பாவுக்குள் திரும்ப முடியாது. அங்கிருந்தே ஊருக்கு விமானம் ஏறிவிடுவது நல்லது.

ரோமைப் பார்த்துவிட்டு இஸ்தான்புல்லில் இறங்கினால் ஒரு விஷயம் உறைக்கும். ரோமானியச் சக்கரவர்த்தி கான்ஸ்டன்டைன் கி.பி. 330-ல் இதைப் புது ரோமாகத் திறந்துவைத்தான். இதற்கும் ஏழு குன்று கணக்குச் சொன்னார்கள். ஆனால் ரோமில் ஒளிந்து கிடக்கும் குன்றுகள் இங்கே வானத்தில் எழுதியது போலத் தெரியும், ஏனென்றால் ஒட்டோமான் சுல்தான்கள் உச்சிகளில் மசூதி கட்டிவிட்டார்கள். கலாத்தா பாலத்தில், தூண்டில் போடுகிறவர்களுக்கு நடுவில் நின்று பழைய ஊரைப் பாருங்கள். இடக்கோடியில் முதல் குன்றில் தோப்காபி அரண்மனையும் ஆயா சோஃபியாவும். மூன்றாவதில் சுலைமானியே. நான்காவதில் ஃபாத்தி மசூதி. வரைபடம் இல்லாமலே திசை பிடிபடும்.

ஆயா சோஃபியாவை 532-ல் தொடங்கி ஐந்தே வருடத்தில் சக்கரவர்த்தி ஜஸ்டினியன் கட்டி முடித்தான். அவசரத்துக்கு விலையும் கொடுத்தான்: 558-ல் கோபுரக் குவிமாடம் விழுந்தது, 562-ல் இன்னும் உயர்த்திக் கட்டினார்கள். தேவாலயம், 1453-லிருந்து மசூதி, 1935-லிருந்து மியூசியம், 2020-லிருந்து மறுபடி மசூதி. இப்போது வெளிநாட்டுப் பயணிகளுக்குக் கட்டணத்தோடு மாடி மட்டும். மாடியில்தான் மொசைக் சித்திரங்கள் இருப்பதால் நஷ்டமில்லை. ஆனாலும் குவிமாடத்தின் கீழ்த்தளத்தில் நிற்கும் அனுபவம் வேண்டுமென்றால் சுலைமானியேவுக்குப் போங்கள். சினான் என்ற கட்டடக் கலைஞர் 1557-ல் முடித்தது, அனுமதி இலவசம். தொழுகை நேரத்தைத் தவிர்த்து, பெண்கள் தலையில் துணி போட்டுக்கொண்டு போக வேண்டும். மனைவி துப்பட்டாவையே போர்த்திக்கொண்டாள்.

எங்களுக்கு மிகவும் பிடித்த ஒரு நடையைச் சொல்கிறேன், இறக்க நடைதான். டி1 டிராமில் பெயாஸித் நிறுத்தத்தில் இறங்குங்கள். அது மேடு. பக்கத்தில் பெரிய பஜார், ஞாயிறு மூடல். அதைக் குறுக்கே கடந்து சுலைமானியே. மசூதிக்கு எதிரில் வரிசையாக மொச்சைக் கடைகள்: வெள்ளை பீன்ஸைத் தக்காளியில் வேகவைத்துச் சோற்றோடு தருவார்கள். அந்தக் குழம்பை வாயில் வைத்ததும், "ஏனுங்க, நம்ம அவரைக் கொழம்புல காரத்த மறந்துட்டாங்க போலிருக்கு" என்றாள் அவள். கொண்டுபோன பருப்புப்பொடியைத் தூவினோம். பிறகு சரிவில் இறங்கும் தெருக்கள்: பாத்திரம், கயிறு, பித்தளைப் பூட்டு, மரக்கரண்டி என்று தெருவுக்கொரு சரக்கு. கீழே வந்ததும் ருஸ்தம் பாஷா மசூதி, வாசல் கண்ணுக்கே படாது. கடைகளுக்கு மேலே மாடியில் கட்டியிருக்கிறார்கள், கடை வாடகையில் மசூதியைப் பராமரிப்பது அன்றைய ஏற்பாடு. உள்ளே சுவர் முழுக்க இஸ்னிக் ஓடுகளின் நீலம். அங்கிருந்து எமினோனு படகுத்துறை கூப்பிடு தூரம். மேட்டில் சுல்தான், சரிவில் கைத்தொழில், கரையில் வியாபாரம். குன்னூரில் பார்த்த அதே ஏணி, கடலோரத்தில்.

இங்கேயும் தண்ணீர்க் கதை உண்டு. மூன்றாம் குன்றுக்கும் நான்காம் குன்றுக்கும் நடுவிலிருக்கும் பள்ளத்தைத் தாண்டித் தண்ணீர் கொண்டுபோகக் கட்டிய வேலன்ஸ் கால்வாய்ப் பாலம், நான்காம் நூற்றாண்டுச் சங்கதி, அடியில் இன்று பஸ்ஸும் காரும் ஓடுகின்றன. கொண்டுவந்த தண்ணீரை நிலத்தடியில் தேக்கினார்கள். ஆயா சோஃபியாவுக்கு அருகில் இருக்கும் பசிலிக்கா நீர்த்தொட்டியில் 336 தூண்கள். தூண்கள் பல வேறு கட்டடங்களிலிருந்து பிடுங்கி வந்தவை; இரண்டு தூண்களுக்கு அடியில் பாம்புக் கூந்தல் அரக்கி மெதூசாவின் தலை, ஒன்று தலைகீழாக, ஒன்று பக்கவாட்டில். ஏன் அப்படி என்று கைடுகள் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். உயரம் சரியாக வரட்டும் என்று கொத்தனார் வைத்ததாகத்தான் எனக்குப் படுகிறது. எங்கள் சர்ச்சில் திப்புவின் உத்திரம் நிற்பதும் அதே கணக்கில்தானே.

மலை ரயில்காரர்கள் துனெலில் ஒருமுறை ஏற வேண்டும். கராக்கோயிலிருந்து பெயோக்லு மேட்டுக்குச் சுரங்கத்துக்குள்ளேயே கம்பியால் இழுக்கும் ரயில், 1875 ஜனவரியில் ஓடத் தொடங்கியது. லண்டன் பாதாள ரயிலுக்கு அடுத்துப் பழையது என்பார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் பல்சக்கர ரயில் ஏறியது 1899-ல். நம்முடையது மூச்சுவாங்கி மணிக்கணக்கில் ஏறும். இது ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் இரண்டும் ஒரே எரிச்சலில் பிறந்தவை: அங்கே துறைமுகத்தில் இறங்கிய வியாபாரிக்கும் இங்கே அடிவாரத்தில் இறங்கியவனுக்கும் மேட்டுக்கு நடக்க மனமில்லை.

டீயைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் குன்னூர்க்காரன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. அங்கே இரண்டடுக்குக் கெண்டி: கீழே வெந்நீர், மேலே திக்கான டிகாக்‌ஷன். இடுப்பு சிறுத்த கண்ணாடித் தம்ளரில் கலந்து தருவார்கள், பால் கிடையாது. கருங்கடலோரம் ரிசே பக்கத்து மலைகளில் விளைவது. நிறம் நன்றாக இருக்கிறது, மணம் நம் உயர்மட்டத் தோட்டத்து இலைக்கு ஈடாகாது. நான் இதில் பாரபட்சமில்லாதவன் என்று சொல்லவில்லை.

தோப்காபி செவ்வாய் மூடல். போஸ்பரஸைப் பார்க்கக் கரையில் கூவி அழைக்கும் சுற்றுலாப் படகு தேவையில்லை, உள்ளூர் மக்கள் ஆசியக் கரைக்குப் போய்வரும் சாதாரணப் பயணிகள் படகே போதும். டிராமுக்குத் தட்டும் இஸ்தான்புல்கார்ட்டை அதற்கும் தட்டலாம்.

எனக்குக் கடைசிவரை பார்க்க ஆசை இருந்தது ஒரு மேடுதான். 1453-ல் ஒட்டோமான் சுல்தான் இரண்டாம் மெஹ்மத் நகரை முற்றுகையிட்டபோது தங்கக் கொம்பு என்ற கடற்கழியின் வாயில், அப்போது நகரை ஆண்ட பைசாந்தியர்கள் இரும்புச் சங்கிலி கட்டி வைத்திருந்தார்கள். கப்பல் உள்ளே போக முடியாது. மெஹ்மத் சங்கிலியை விட்டுவிட்டு, கலாத்தா மேட்டின் மேல் மரத்தடிகளைப் பரப்பிக் கொழுப்புத் தடவி, சுமார் 70 கப்பல்களை மாட்டையும் ஆளையும் வைத்து இழுத்து மலைக்கு அந்தப் பக்கம் கழிக்குள் இறக்கினான். இன்றைய இடங்களில் சொன்னால் தோப்ஹானே கரையிலிருந்து தக்சிம் பக்கமாக ஏறி, காசிம்பாஷாவுக்கு இறங்கும் வாக்கு என்று சொல்கிறார்கள். துல்லியமான பாதையில் இன்னும் வாதம் இருக்கிறது.

நானும் மகளும் ஒரு காலையில் அந்த வாக்கில் நடந்தோம். மனைவி வழக்கத்துக்கு மாறாக ஏற்றத்தை நடந்து ஏற வேண்டாமென்று சொல்லி மேட்டிலேயே ஒரு பாலடைக் கடையில் காத்திருந்தாள். ஜிகாங்கிர் பக்கத்துப் படிகளில் ஏறும்போது மூச்சு முட்டும், ஒன்றாம் கியர் ஏற்றம். மேட்டில் தக்சிம் சதுக்கம், ஜனத் திரள். அதைத் தாண்டியதும் காசிம்பாஷா பக்கம் தெரு சட்டென்று தலைகுப்புற விழுகிறது. நான் வண்டிக்காரன் புத்தியில் கணக்குப் போட்டேன்: கப்பலை ஏற்றுவதில் எத்தனை மாடு வேண்டுமானாலும் போடலாம், இந்த இறக்கத்தில் அதைப் பிடித்து நிறுத்தியது யார்? எங்கள் மேட்டுப்பாளையம் ரோட்டில் பிரேக் சூடாகி நிற்கும் லாரிகளைப் பார்த்திருந்தால் இந்தக் கேள்விதான் முதலில் வரும். "யாருமே இதை எழுதலையாப்பா?" என்றாள் மகள். போருக்குப் போனவன் ஏற்றத்தைத்தான் பெருமையாக எழுதுவான் என்றேன்.

இந்த நடைக்குக் காலையில் சீக்கிரம் கிளம்புங்கள், ஞாயிறு என்றால் தெரு காலியாக இருக்கும். மழை பெய்த மறுநாள் வேண்டாம், கல் வழுக்கும். கீழே காசிம்பாஷாவில் படகுத்துறை இருக்கிறது, அங்கிருந்து படகேறி ஃபெனெர், பாலாத் பக்கம் போகலாம். இஸ்தான்புல்கார்ட்டில் பணம் இருக்கிறதா என்று தக்சிமிலேயே மெஷினில் பார்த்து ஏற்றிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அந்த மேட்டை இன்னொருமுறை ஏற வேண்டியிருக்கும்.